கேக்கின்மேல் எழுத்து: வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழ்த்தும் வழுவும்

எழுத்தின் வரலாற்றைக் கூறப் புகுவோர் கல்வெட்டு, செப்பேடு, ஏட்டுச்சுவடி, அச்சுநூல் எனப் படிமுறையாக நிரற்படுத்துவது வழக்கம். இவை யாவும் நிலைத்து நிற்றலை நோக்கமாகக் கொண்டவை. ஆயின், அழிந்து போதலையே இயல்பாகக் கொண்ட எழுத்தும் மக்கள் வாழ்வில் உண்டு. ஏடுதொடக்கும் பிள்ளை தட்டிற் பரப்பிய பச்சையரிசியில் விரலால் எழுதும் அகரம் அத்தகையது. பிறந்தநாட் கேக்கின்மேல் ஐசிங்கினால் எழுதப்படும் வாழ்த்தும் அத்தகையதே. எழுதி முடித்த சில மணி நேரத்துள் இது வாசிக்கப்பட்டு, படம் பிடிக்கப்பட்டு, வெட்டப்பட்டு, உண்ணப்பட்டு விடுகின்றது. இவ்வெழுத்தில் நேரும் பிழைகளை நகைப்புக்குரியனவாகக் காண்பதே பொதுவழக்கு. அவை ஆய்வுக்குரியன என்பதும், அவற்றை ஆராயுங்கால் மொழி, உழைப்பு, கல்வி, அரசு ஆகியன பற்றிய சில அடிப்படை வினாக்கள் எழுகின்றன என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடாகும்.

இவ்வினாக்களை நாம் நூலகத்தில் எதிர்கொள்ளவில்லை. கிளிநொச்சி மாவட்டத்துக் குடியேற்றக் கிராமமொன்றில் உறவினர் வீட்டுக் குழந்தையின் முதலாவது பிறந்தநாளுக்குச் சென்றிருந்தோம். குழந்தையின் பெயரை யாழினி எனக் கொள்வோம். கேக்கில் 'யாளினி' என்று எழுதப்பட்டிருந்தது. இளைப்பாறிய ஆசிரியரான பாட்டனார் அதனைக் கண்டதும், "யாழ் தெரியாதவைக்கு யாளிதான் தெரியும்" என்று கூறிக் கத்தியின் முனையால் அவ்வெழுத்தைச் சுரண்டினார். சபை சிரித்தது. கேக்கைச் செய்து கொணர்ந்த பெண் சிரிக்கவில்லை. அவர் தாம் கொண்டுவந்திருந்த கூம்பை எடுத்து, சுரண்டிய தழும்பின் மேல் ழகரத்தை எழுதினார். பேசிய தொகையில் ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுக்கப்பட்டது. யாழ் என்னும் இசைக்கருவிக்கும் யாளி என்னும் கற்பனை விலங்குக்கும் இடையிலான வேறுபாட்டின் விலை அன்று ஐந்நூறு ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அத்தொகையைச் செலுத்தியவர் அதனைச் செலுத்தக் கடமைப்பட்டவர்தாமா என்பதே எமது வினா.

1. எழுதுபொருளும் எழுத்தும்

எழுத்தின் வடிவத்தை எழுதுபொருள் நிர்ணயிக்கின்றது என்பது தமிழ் எழுத்தியல் வரலாறு அறிந்தார்க்குப் புதிதன்று. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியத்திலேயே விதிக்கப்பட்டது. எனினும் ஏட்டுச்சுவடிகளிற் புள்ளி பெரிதும் இடப்படவில்லை. எழுத்தாணியால் அழுத்திப் புள்ளியிட்டால் ஓலை துளைபடும் என்பதே அதற்குரிய காரணமாகக் கூறப்படுவது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்தும் குறிகளும் ஏட்டில் இல்லாமற் போகவே, வாசிப்பவர் இடம் நோக்கி உணர்ந்துகொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவரது சீர்திருத்தமும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சின் பரவலும் இந்நிலையை மாற்றின. தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை ஒழுங்குபட ஆண்ட பெருமை வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலருக்கு வழங்கப்படுகின்றது.

கேக்கின் மேற்பரப்பு ஓலைக்கு நேர்மாறானது. இங்கே புள்ளியிடுதல் அரிதன்று. கூம்பை ஒருமுறை அழுத்தி எடுத்தாற் போதும். அரிதானது அப்புள்ளி புள்ளியாகவே வாசிக்கப்படுதல். கேக்கின் ஓரம் முழுவதும் முத்துமுத்தாக ஐசிங் பொட்டுக்கள் வைக்கப்படுகின்றன. நடுவிலோ வண்ணச் சீனி மணிகள் தூவப்படுகின்றன. இந்த அலங்காரப் புள்ளிகளிடையே இலக்கணப் புள்ளி தனது அடையாளத்தை இழக்கின்றது. 'அம்மா' என்பது 'அமமா' ஆகின்றது. 'அக்கா' என்பது 'அககா' ஆகின்றது. ஓலை புள்ளியை ஏற்க மறுத்தது. கேக்கோ புள்ளிகளின் மிகுதியால் அதனை மூழ்கடிக்கின்றது. காரணம் வேறாயினும் விளைவு ஒன்றே. ஏட்டை வாசித்தவரைப் போலவே கேக்கை வாசிப்பவரும் இடம் நோக்கி உணர்ந்துகொள்கின்றார். முன்னவரைப் புலவர் என்கின்றோம். பின்னவருக்காக எழுதியவரை எழுத்தறியாதவர் என்கின்றோம்.

எண்ணிக்கை ஒன்றை இங்கு நோக்கலாம். 'பிறந்தநாள் வாழ்த்துக்கள்' என்னும் தொடரில் 13 எழுத்துக்கள் உள்ளன. அதே பொருளில் வழங்கும் ஆங்கிலத் தொடரிலும் 13 எழுத்துக்களே உள்ளன. ஆனால் ஆங்கிலத் தொடரில் மேலே இடவேண்டிய புள்ளி ஒன்று. தமிழ்த் தொடரில் ஆறு. ஆங்கிலத்தைக் கூட்டெழுத்தாகக் கையெடாமல் ஒரே இழுப்பில் எழுதிச் செல்லலாம். தமிழிலோ எழுத்துத் தோறும் கூம்பைத் தூக்கி, மீண்டும் வைத்து, சுழித்து, வளைக்க வேண்டும். தூக்கும் ஒவ்வொரு தடவையும் ஐசிங் வாலாக இழுபடும். கொம்பை முன்னரும் காலைப் பின்னரும் இடும் எழுத்துக்களில், கொம்பு ஒரு வரியின் ஈற்றிலும் எழுத்து அடுத்த வரியின் முதலிலும் அமைந்துவிடுவதுண்டு. எட்டங்குல விட்டமுள்ள வட்டத்துள் 'பூப்புனித நீராட்டு விழா' என்பதை அடக்க முயன்றவர்க்கே அதன் இடர்ப்பாடு விளங்கும்.

ஐகார வரிசையிற் சில எழுத்துக்களைத் துதிக்கை போன்ற பழைய சுழியுடன் எழுதும் கைகளை இன்றும் மூத்தோரிடையே காணலாம். பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழிற் கையாண்டதும், தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்றுக்கொண்டதுமான சீர்திருத்த வடிவத்தையே இளையோர் அறிவர். எனவே மூத்தவர் ஒருவர் 'பிள்ளை' என்பதைப் பழைய வடிவில் எழுதினால் இளையவர் அதனைப் பிழையென்கின்றார். வரலாற்றின் இரு படிகள் ஒரு கேக்கின்மேற் சந்திக்கும்போது, பின்வந்த படி முன்னதைத் தவறெனத் தீர்ப்பிடுகின்றது.

இவ்விடர்ப்பாடுகளை எல்லாம் தவிர்ப்பதற்குச் சந்தை ஓர் இலகுவழியை வைத்திருக்கின்றது. ஆங்கில வாழ்த்துப் பொறித்த பிளாஸ்ரிக் வார்ப்பு இறக்குமதியாகி மலிவாகக் கிடைக்கின்றது. அதைக் குத்திவிட்டால் எழுதும் வேலையே இல்லை. வன்னிக் கேக்குகளில் ஆங்கிலம் மிகுந்து காணப்படுவதற்கு ஆங்கில மோகம் மட்டுமே காரணமெனக் கூறுவார் உளர். மோகம் என்பது விளக்கமன்று, விளக்கப்பட வேண்டியது. பேரளவு உற்பத்தியில் ஆங்கில வாழ்த்து மலிவான பண்டமாகின்றது. தமிழ் வாழ்த்தோ இன்னும் தனியொருவரின் கைவேலையாகவே உள்ளது. மொழித் தெரிவுபோற் தோன்றுவது பெரும்பாலும் உழைப்பு நேரத்தின் கணக்கேயாகும்.

2. எழுதும் கை

இக்கைவேலை யாருடையது? பாணும் கேக்கும் போறணையில் வெந்த காலத்தில் எழுத்தும் பேக்கரிக்காரரிடமே இருந்தது. வீடுகளில் தாச்சியின் கீழும் மேலும் தணலிட்டுக் கேக் அவித்தோர் அதன்மேல் எழுதியது அரிது. 1990களில் வன்னிமீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை எரிபொருள், மின்கலம், சீமெந்து முதலானவற்றைத் தடுத்த காலத்தில், அலங்காரக் கேக் என்பது நினைவில் மட்டும் இருந்த பொருளாயிற்று. 2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் நிலைமை சிலகாலம் மாறியது. அக்காலத்துக் கிளிநொச்சியில் விடுதலைப் புலிகளின் நிருவாகம் கடைப்பெயர்களைத் தமிழாக்குவதில் முனைப்புக் காட்டியது. பேக்கரி வெதுப்பகம் ஆயிற்று. ஐஸ்கிறீம் குளிர்களி ஆயிற்று. கேக்குக்கும் குதப்பி என்றும், பிற இடங்களில் அணிச்சல் என்றும் சொற்கள் ஆக்கப்பட்டன. வெதுப்பகம் பெயர்ப்பலகையில் நிலைத்தது. குதப்பி நாவில் நிலைக்கவில்லை. மேலிருந்து வரும் தூய்மைக்கும் கீழிருந்து வளரும் வழக்குக்கும் இடையிலான எல்லையை இது காட்டுகின்றது. இப்போது பிழை பேசப்படுமிடத்து இவ்வெல்லையை மனங்கொள்ளல் தகும்.

2006இல் ஏ9 வீதி மீண்டும் மூடப்பட்டது. 2008இலும் 2009இன் முற்பகுதியிலும் மக்கள் கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என நகர்ந்து, ஈற்றில் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தில் அமைந்த முகாம்களை அடைந்தனர். பாடசாலைகளும் மக்களுடன் இடம்பெயர்ந்து, பின்னர் இயங்காமலே போயின. மேலே கூறிய பெண் 2008இல் தரம் 8இற் கற்றுக்கொண்டிருந்தவர். அதன்பின் அவர் வகுப்புக்குத் திரும்பவில்லை. லகர ளகர ழகர வேறுபாட்டை எழுதி எழுதிப் பழக வேண்டிய ஆண்டுகளில் அவர் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தார். இக்கூற்றில் மிகையில்லை; அவரது வயதொத்த ஆயிரக்கணக்கானோரின் வாழ்க்கைக் குறிப்பு இதுவேயாகும்.

போரின் பின்னர் வன்னியிற் பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்கள் பெருகின. அவர்களுக்கு 'வாழ்வாதாரம்' என்ற பெயரில் வழங்கப்பட்டவை கோழி வளர்ப்பு, தையல், உணவு தயாரிப்பு, கேக் அலங்காரம் முதலிய குறுகியகாலப் பயிற்சிகள். பின்தொடர்ந்து வந்தது நுண்கடன். அதன் சுமை எவ்வளவாயிற்று என்பதற்கு, 2018இல் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர நேர்ந்தமை சான்றாகும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிற் சமையல் எரிவாயு தட்டுப்பட்டது. கோதுமை மா, சீனி, முட்டை ஆகியவற்றின் விலை பன்மடங்காகியது. விலையேற்றத்தை வாங்குவோர்மீது முழுவதுமாகச் சுமத்த இயலாத சிறு உற்பத்தியாளர் தமது கூலியையே குறைத்துக்கொண்டார். எழுத்துக்கெனத் தனியாகக் கூலி வாங்கப்படுவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. விலை கிலோவுக்கே உரியது. எழுத்து இலவசம், பிழை ஏற்பட்டால் மட்டும் அதற்கு விலை உண்டு.

கி.பி. 79இல் வெசூவியசு எரிமலை வெடித்து ஹேர்க்குலேனியம் நகரை மூடியபோது கருகிய பாண் ஒன்று அதன் முத்திரையுடன் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. குவின்ரசு கிரானியசு வேரசு என்பானின் அடிமையாகிய கேளர் என்பவனது பாண் அது என்பது அம்முத்திரையாற் தெரிகின்றது. பண்டைய உரோமிற் பாணின்மேல் உழைத்தவன் பெயரும் அவனை உடைமையாகக் கொண்டவன் பெயரும் ஒருங்கே இருந்தன. வன்னிக் கேக்கின்மேல் இருப்பது பெறுபவர் பெயர் மட்டுமே. செய்தவர் பெயர் எங்கும் இல்லை. அவர் தமது இருப்பை உணர்த்தும் ஒரே இடம் அவரது பிழையாகும்.

3. பிழையின் பயணம்

பிழை எங்கே தொடங்குகின்றது என்பதைப் பின்தொடர்ந்து செல்லின் கைக்கு முன்னரே அது தோன்றிவிடுதல் புலனாகும். யாழினிக்கான கேக்கை ஏற்பாடு செய்தவர் வெளிநாட்டில் வாழும் மாமன். இன்று வன்னியின் கொண்டாட்டக் கேக்குகளிற் கணிசமானவை இவ்வாறு ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ கைத்தொலைபேசி வழியே கட்டளையிடப்படுகின்றன. கட்டளை வருவது பெரும்பாலும் ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட தமிழில். அவ்வெழுத்தில் 'எல்' என்னும் ஓர் எழுத்தே ல, ள, ழ மூன்றுக்கும் நிற்கின்றது. 'என்' ஒன்றே ந, ன, ண மூன்றுக்கும். 'ஆர்' ஒன்றே ர, ற இரண்டுக்கும். குறில் நெடில் வேறுபாடும் தெரிவதில்லை. அனுப்பப்பட்ட பெயர் யாலினியாகவும் யாளினியாகவும் யாழினியாகவும் வாசிக்கத்தக்கது.

செவியின் துணை உண்டா எனின், அதுவும் இல்லை. ஈழத்துப் பேச்சுத் தமிழில் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிக்கப்படுகின்றன. கத்தியெடுத்த பாட்டனாரும் பேத்தியை அழைக்கும்போது யாளினி என்றே அழைக்கின்றார். எனவே எழுதுபவருக்குத் துணையாகக்கூடியது பள்ளியிற் பயின்ற எழுத்துக்காட்சியின் நினைவு ஒன்றே. அந்நினைவே போரினால் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. தெளிவற்ற மூலம், வேறுபடுத்தாத ஒலி, தடைப்பட்ட கல்வி ஆகிய மூன்றும் சந்திக்கும் புள்ளியிற் தோன்றிய பிழை அது. முதலிரண்டுக்கும் அவர் பொறுப்பல்லர். மூன்றாவதற்கு அவர் பொறுப்பாளியே அல்லர்.

அமெரிக்கப் பேரங்காடிகளிலும் இத்தகைய நிகழ்வுகள் பல அறியப்பட்டுள்ளன. வாழ்த்தொன்றைக் கூறி, 'அதன் கீழே' வேறொன்றை எழுதுக என வாய்மொழியாகக் கட்டளையிட, 'அதன் கீழே' என்பதும் கேக்கில் எழுதப்பட்டமை அவற்றுட் பலரறிந்தது. இதனை மடமையெனச் சிரித்துக் கடந்துவிடலாம். கூறியதைக் கூறியவாறே செய். உனது விளக்கம் வேண்டா எனத் தொழிலாளரைப் பழக்கிய தொழில் ஒழுங்கின் தருக்கமுறையான விளைவு அது எனவும் காணலாம். வாசித்தல் என்பது விளக்கங்கொள்ளல். விளக்கங்கொள்ளும் உரிமை மறுக்கப்பட்டவர் படியெடுக்க மட்டுமே இயலும்.

அச்சுத்தொழிலோடு ஒப்பிட்டால் நிலைமை மேலும் தெளிவாகும். நூலொன்றிற்கு ஆசிரியர், அச்சுக்கோப்பாளர், பிழைதிருத்துநர் எனப் பலர் உளர். அத்தனைக்கும் பின்னர் எமது ஆய்விதழ்களே ஈற்றிற் பிழைதிருத்தப் பட்டியலைச் சேர்த்து வெளிவருவதுண்டு. கேக்கில் இவ்வேலைகள் அனைத்தும் ஒருவரே, பெரும்பாலும் பிள்ளைகள் உறங்கிய பின்னர், மறுநாட் காலைக்குள் முடிக்க வேண்டியவை. வண்ண ஐசிங்கைச் சுரண்டினாலும் சாயம் தங்கிவிடும். கேக்கிற்குப் பிழைதிருத்தப் பட்டியல் இல்லை.

இயந்திரம் இதனைத் தீர்க்கும் என்பாரும் உளர். உண்ணத்தகு தாளில் வாழ்த்தை அச்சிட்டு ஒட்டும் முறை இன்று பரவியுள்ளது. ஆனால் ஈழத்திற் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் அமைந்த வாசகம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவும் அரைப்புள்ளிகளாகவும் தோன்றும். அவ்வெழுத்துருவிற் புள்ளிக்குரிய இடத்தில் இருப்பது அரைப்புள்ளியே. தமிழின் எழுத்திணைப்பை அறியாத செய்நிரல்களிலோ கொம்பு தனக்குரிய எழுத்தை விட்டு விலகி நிற்கும். கைப்பிழை நீங்கிப் பொறிப்பிழை வருகின்றது. பொறியை நோக்கி எவரும் சிரிப்பதில்லை.

4. எது பிழை?

இதுவரை 'பிழை' என்னும் சொல்லை வேறுபடுத்தாமல் ஆண்டோம். இனி வேறுபடுத்தல் வேண்டும்.

முதலாவது, பிழையெனக் கருதப்படும் வேறுபாடு. 'வாழ்த்துக்கள்' என்பது தவறு, 'வாழ்த்துகள்' என்பதே சரி என்பது இன்று மிகுதியாகக் கேட்கும் கண்டனம். பன்மை விகுதியாகிய 'கள்' சேருமிடத்து வல்லினம் மிகவேண்டியதில்லை என்பதும், மிகுந்தால் மதுவைக் குறிக்கும் என்பதும் கண்டிப்போர் கூற்று. வன்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகுதல் தமிழின் இயல்பே என்பதும், 'எழுத்துக்கள்' போன்ற வடிவங்கள் நீண்டகாலமாகக் கற்றோர் எழுத்தில் வழங்கி வருவன என்பதும் மறுதரப்பார் கூற்று. நாமே இக்கட்டுரையில் 'எழுத்துக்கள்' என எழுதி வருகின்றோம். பிறந்தநாள் வாழ்த்தைக் கள்ளென மயங்கியவர் எவரையும் நாம் கண்டதில்லை. இருவகை வழக்கும் உள்ளவிடத்து ஒன்றைப் பிழையென விதித்து, அதனைக்கொண்டு சிறு உற்பத்தியாளரை மட்டந்தட்டுதல் இலக்கணமன்று, அதிகாரமே.

இரண்டாவது, ஒரு வழக்கை இன்னொன்றின் அளவுகோலால் அளப்பதிற் தோன்றும் பிழை. பெயரை இரட்டை மேற்கோட்குறிக்குள் எழுதுதல் இங்கு பரவலானது. ஆங்கிலம் பயின்றவர்க்கு அது, பெயரெனச் சொல்லப்படுவது என ஐயங்கிளப்பும் குறியாகத் தோன்றி நகைப்பூட்டும். ஆனால் எமது அழைப்பிதழ்களிலும் விளம்பரங்களிலும் மேற்கோட்குறி நெடுங்காலமாக அழுத்தம் தரும் குறியாக வழங்குகின்றது. கேக் அழைப்பிதழைப் பின்பற்றுகின்றது. விளிக்குப்பின் காற்புள்ளி இல்லை என்னும் குறையும் இத்தகையதே. ஆங்கிலத்தில் வாழ்த்தையும் வாழ்த்தப்படுபவரையும் பிரிக்கக் காற்புள்ளி வேண்டும். தமிழில் அவ்வேலையை நான்காம் வேற்றுமை செய்கின்றது. 'அம்மாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து' எனின் எக்குறியும் வேண்டாது பொருள் நிறைவெய்தும். இன்று கேக்கில் வாழ்த்து மேலும் பெயர் கீழுமாக உருபின்றி நிற்பது ஆங்கில அமைப்பின் படியாகும். கவலைப்பட வேண்டின் காற்புள்ளி விடுபட்டமைக்காக அன்று. வேற்றுமையுருபு விடுபட்டமைக்காகக் கவலைப்படலாம்.

மூன்றாவது, எழுதுபொருளால் நேரும் வழு. புள்ளி மறைதலும் கொம்பு பிரிதலும் இதன்பாற்படும். இது தொழினுட்பப் பயிற்சியாற் திருத்தத்தக்கது.

நான்காவது, கல்வி மறுக்கப்பட்டமையால் நேரும் வழு. 'வாள்த்துக்கள்' என்பதும் 'யாளினி' என்பதும் இவ்வகையின. இவை பிழைகளே. இதனை மழுப்புவதற்கு நாம் உடன்படோம்.

5. இருபுறத்து எதிர்வாதங்கள்

1950களிலும் 60களிலும் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர்கள் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சுமொழியை இலக்கியத்திற் கையாண்டபோது, மரபுவாதிகள் அதனை இழிசனர் வழக்கு எனப் பழித்தனர். கே. டானியல், டொமினிக் ஜீவா முதலியோரின் ஆக்கங்கள் மீதான தாக்குதலில் மொழித் தூய்மை என்னும் போர்வையுட் சாதியே பேசியது. கைலாசபதி, சிவத்தம்பி முதலிய திறனாய்வாளர்கள் அதற்குக் கோட்பாட்டு நிலைநின்று விடையிறுத்தனர். இம்மரபில் வந்தோர் சிலர் கேக்கின்மேல் உள்ள பிழையையும் மக்கள் மொழியெனப் போற்ற முற்படலாம். அது தவறாகும்.

பேச்சுவழக்கு தனக்கென ஒழுங்கமைந்த இலக்கணமுடைய மொழி. அதனைப் பேசுவோர் அதனிற் குறைபாடின்றித் தேர்ந்தவர். 'யாளினி' என்பதோ எவரது வழக்குமன்று. அதனை எழுதியவர் 'யாழினி' என்றே எழுத விரும்பியவர். கற்பிக்கப்பட்டிருந்தால் அவ்வாறே எழுதியிருப்பார். அவரது பிழையைக் கலகமெனவும் எதிர்ப்பெனவும் கொண்டாடுதல், அவரிடமிருந்து பறிக்கப்பட்டதை அவரே துறந்ததாகக் காட்டுதலாகும். பசியை நோன்பு என்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. நியம எழுத்து ஆளும் வர்க்கத்தின் சொத்தாக இருக்கலாம்; அதனைக் கைவிடுமாறு உழைக்கும் மக்களுக்கு அறிவுறுத்துவது, சொத்து அவ்வர்க்கத்திடமே இருக்கட்டும் என்பதாகவே முடியும்.

மறுபுறத்தே, பிழையைச் சிரிப்பாற் திருத்திவிடலாம் என்போர் உளர். மொழிக்குறி வர்க்கப் போராட்டத்தின் களமாகின்றது என 1929இல் வலோஷினோவ் எடுத்துக்காட்டினார். கேக்கைச் சுற்றி எழுந்த சிரிப்பு அக்களத்தில் ஓர் அணியின் செயல். அச்சிரிப்பு ழகரத்தைக் கற்பிக்கவில்லை. நின்ற இடத்தைக் கற்பித்தது. அதே சபையிலிருந்தோர், பொது இடங்களிற் தமிழ் சிதைந்து கிடக்கும் பலகைகளை நாள்தோறும் கடந்தே அங்கு வந்திருந்தனர். 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை இயற்றிய நாட்டில், 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. அதற்குப் பின்னரும் அறிவித்தற் பலகைகளிற் புள்ளி விழுந்தும் எழுத்து மாறியும் பொருள் திரிந்தும் தமிழ் எழுதப்படுவது இந்நாட்டில் எவரும் அறிந்ததே. அரசிடம் மொழிபெயர்ப்பாளரும் நிதியும் சட்டக் கடமையும் உண்டு. அப்பலகை பல்லாண்டு நிற்கும். கேக் ஒரு மாலைப்பொழுது நிற்கும். பலகைக்கு எவரது சம்பளத்திலும் ஐந்நூறு ரூபாய் குறைக்கப்படவில்லை. பிழையின் பாரதூரத்திற்கும் அதற்கு விதிக்கப்படும் தண்டனைக்கும் இடையிலான இத்தலைகீழ் விகிதம் தற்செயலானதன்று. சிரிப்பு கீழ்நோக்கிப் பாய்வது. மேல்நோக்கிப் பாய வேண்டியது கோரிக்கை.

6. செய்யத்தக்கன

விளக்குவதோடு நின்றுவிடுதல் திறனாய்வின் கடன் முடிந்ததாகாது. தமிழ்ச் சங்கங்கள் சிறிய அளவிற் செய்யத்தக்கன சில உள. வாழ்த்துத் தொடர்களையும், ல ள ழ, ர ற, ந ன ண வேறுபாடுடைய பெயர்களையும், எழுத்துக்களை ஐசிங்கில் இழுக்கவேண்டிய ஒழுங்குமுறையையும் பெரிய எழுத்தில் ஒரே தாளில் அச்சிட்டு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் வாயிலாக வழங்கலாம். நீண்ட தொடரை வட்டத்துள் எவ்விடத்து முறிப்பது என்பதையும் அத்தாளிற் காட்டலாம். பாடசாலையில் மனைப்பொருளியலும் தமிழும் ஒன்றையொன்று அறியாத பாடங்களாக இருக்கவேண்டியதில்லை. கட்டளையிடுவோர் பெயரைத் தமிழெழுத்தில் எழுதி அனுப்புதல் எல்லாவற்றிலும் எளியது. பிழையின் பாதியை அது பயணத்தின் தொடக்கத்திலேயே நிறுத்திவிடும். எழுத்துக்குத் தனிக்கூலி கேட்பதும் நியாயமே. எழுத்து உழைப்பு என்பது அதற்கு விலை வைக்கப்படும்போதே ஒப்புக்கொள்ளப்படுகின்றது.

விடைபெறுமுன் அப்பெண்ணுடன் உரையாடினோம். "பிழையெண்டு சொன்னது சரிதான். எந்த ழானா எண்டு முதலே ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார். அவர் தமது கைத்தொலைபேசியில் எழுதிவைத்திருந்த பெயர்ப்பட்டியலைக் காட்டினார். முன்னர் பிழைத்த பெயர்கள் திருத்தமாக எழுதப்பட்டிருந்தன. யாழினியும் அன்றே அதிற் சேர்ந்திருந்தாள். எவரும் கற்பிக்காதவிடத்து ஒவ்வொரு அவமானத்தையும் ஒரு பாடமாக அவர் சேமித்து வருகின்றார். பறிக்கப்பட்ட கல்வியைச் சில்லறையாக, தமது கூலியிலிருந்தே விலைகொடுத்து, அவர் மீட்டுக்கொண்டிருக்கின்றார்.

பச்சையரிசியில் முதலெழுத்தை எழுதுவிக்கும் சமூகம், பிள்ளை பிழையாக எழுதினால் அதன் விரலைப் பிடித்து மீண்டும் எழுதுவிக்கின்றது. அரிசியைத் தட்டிவிட்டுச் சிரிப்பதில்லை. அப்பொறுமையை அச்சமூகம் வளர்ந்தோருக்கும் கடன்பட்டிருக்கின்றது. போர்க்காலத்தில் அப்பிள்ளையின் விரலை விட்டுவிட்ட கைகள் எவை என்னும் வினாவுக்கு விடை தேடாமல் ழகரத்தைப் பற்றி மட்டும் பேசுவது மொழிப்பற்றாகாது என்பதே எமது துணிபு.